எழுத்துப்போர் ஆட்டமும் பறம்பு முற்றுகையும்

1. நுவல்பொருள்

புறப்பாடல்களைப் பயில்வார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பாட்டில் வரும் படை களத்தில் நின்ற படையன்று. சொல்லே ஆங்குப் படையாக நிற்கின்றது. பாட்டிற் கொள்ளப்படும் நாடும் மண்ணன்று. ஊர்ப்பெயரும் மலைப்பெயருமே நாடாக நிற்கின்றன. சொல்லாலாகிய படை சொல்லாலாகிய நாட்டைக் கொண்டது என்னும்போது வென்றது யாது, இழந்தது யாது?

இவ்வினா பழையதெனினும் நம் காலத்தில் இதற்குப் புதிய கூர்மை வந்துளது. ஓவியமும் ஒலியும் இன்றி, எழுத்தாலேயே படையை ஏவி, எழுத்தாலேயே நாட்டைக் கொள்ளும் ஆட்டங்கள் உலகெங்கும் நடைபெறுகின்றன. பலர் ஒருங்கு கூடியும், நாடுவிட்டு நாடு இருந்தும் அவற்றை ஆடுவர். இவற்றை யாம் 'எழுத்துப்போர் ஆட்டம்' என்று குறிப்போம். இவ்வாட்டங்களும் புறத்திணையும் ஒன்றனுக்கொன்று முற்றும் அயலானவை என்று எண்ணுதல் எளிது. யாம் அவ்வாறு எண்ணவில்லை. இரண்டும் போரை விதிக்குட்படுத்திச் சொல்லில் நடத்துவன. இரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கின் புறத்திணையின் இயல்பு ஒன்று நன்கு விளங்கும் என்பது எம் கருத்து. அதனைச் சிவகங்கைச் சீமையின் இலக்கியச் சான்றுகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவகங்கையைத் தேர்ந்தது காரணம் பற்றியே. பாரியின் பறம்பு எனப்படும் பிரான்மலை இம்மாவட்டத்தது. ஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றமும் அதுவே. கீழடியும் இம்மாவட்டத்தது, ஆங்கு 2014-15 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தன, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. ஆட்டமும் எழுத்தும் ஓரூர் மண்ணிலேயே புதைந்து கிடந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த சிவகங்கைப் போர்களோ, ஆட்டத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட இருவகைப் பாடல்களில் வாழ்கின்றன. ஆதலின் நம் வினாவை எழுப்புதற்கு இதனினும் பொருந்திய நிலம் அரிது.

2. ஆட்டத்தின் விதி

எழுத்துப்போர் ஆட்டங்களுள் பெரிதும் எண்ணப்பட்ட ஒன்றை முதற்கண் காண்போம். 1959இல் ஆலன் கால்காமர் என்னும் அமெரிக்கர் 'டிப்ளோமசி' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். முதல் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பாவே அதன் களம். ஆடுவோர் எழுவர், ஒருவர்க்கு ஒரு வல்லரசு. களத்தில் 34 வளமையங்கள் உண்டு. அவற்றுள் 18ஐக் கைக்கொண்டவர் வென்றவராவர். பகடை இல்லை, நல்லூழ் தீயூழ் என்பதற்கு இடமில்லை. எழுவரும் தம்முட் கூடிப் பேசுவர், உறுதி கூறுவர், பின்னர்த் தத்தம் படைக்குரிய ஏவலைப் பிறர் அறியாமல் ஏட்டில் எழுதுவர். எழுதியவை ஒரே நேரத்திற் படிக்கப்படும். முன்னர்க் கூறிய உறுதி எதுவும் எழுதும் கையைக் கட்டாது. எழுதியதே செயல், எழுதாதது செயலன்று.

விதிகள் சிலவே. ஓரிடத்தில் ஒரு படையே நிற்கலாம். இரு படைகள் ஓரிடத்தை நாடி ஒத்த வலியொடு மோதின் இரண்டும் புகாது நிற்கும். அண்டையிலுள்ள படை துணைநின்றால் வலி கூடும். எழுதிய ஏவல் விதிக்குப் பொருந்தாதாயின் அது செல்லாது. படை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆட்டத்தின் ஓர் ஆண்டு முடிந்ததும் ஒவ்வொருவர்க்கும் உள்ள வளமையங்கள் எண்ணப்படும்; அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பப் படை கூடும் அல்லது குறையும். வளமையம் ஒன்றும் இல்லாதவர் ஆட்டத்தினின்றும் நீங்குவர்.

ஏவல் எழுத்தாகவே அமைதலின் ஆடுவோர் ஓரிடத்திற் கூடவேண்டும் என்பதில்லை. 1963 முதல் அஞ்சல்வழி இதனை ஆடினர். பின்னர் மின்னஞ்சல்வழி ஆடினர். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவராகிய ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் கணினியில் பலர் ஒருங்கு புகுந்து ஆடும் எழுத்துலகம் ஒன்றைப் படைத்தனர். அதன்கண் நிலமும் வாயிலும் பொருளும் எல்லாம் சொற்களே. பின்னர் இணையத்தில் அட்டவணையும் எண்ணும் மட்டுமே கொண்டு நடக்கும் பேரரசு ஆட்டங்கள் பல தோன்றின. அவற்றில் வீரர் இத்துணையர், விளைநிலம் இத்துணை என்று திரையில் எண் தோன்றும். ஆடுவோர் ஏவலை எழுதுவர். மறுநாள் எண் மாறியிருக்கும். அவ்வளவே போர்.

இவ்வாட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு மூன்று. ஒன்று, ஏவலே செயலாதல். இரண்டு, நிலம் எண்ணாக மாறுதல். மூன்று, எண் அற்றவர் நீங்குதல். இம்மூன்றையும் மனத்துக் கொண்டு புறத்திணைக்கு வருவோம்.

3. புறத்திணையின் விதி

தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக வகுத்தார். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்பன அவை. அவர் வஞ்சிக்குக் கூறிய இலக்கணம் ஈண்டுக் கருதத்தக்கது. மண்மேற் சென்ற வேந்தனுக்கு மட்டும் அவர் ஆசை கூறவில்லை. எதிர்நிற்கும் வேந்தனுக்கும் அதே குறையாத மண்ணாசை உண்டென்றார். ஆகவே வஞ்சி இருவர்க்கும் பொதுவாகிய ஒரு திணை. உழிஞையும் அவ்வாறே, மதிலைப் புறத்தே சூழ்ந்தவனும் அகத்தே காப்பவனும் அதனுள் அடங்குவர். தும்பையோ வேறு; ஆங்கு மண் பொருளன்று, வலிமையே பொருள். காஞ்சி இவற்றின் அப்பாற்பட்டது. அது நிலையாமையைக் கூறுவது.

புறப்பொருள் வெண்பாமாலை, வழக்கொழிந்த பன்னிரு படலத்தின் வழிவந்தது. 1895இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்த அந்நூலில் திணை பன்னிரண்டாகும். நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. மண்மேற் செல்லல் வஞ்சி, எதிரூன்றல் காஞ்சி. மதில் காத்தல் நொச்சி, வளைத்தல் உழிஞை. ஒரு நிகழ்ச்சியை நடுநின்று நோக்கிய தொல்காப்பியர்க்கு ஒரு பூப் போதுமானதாயிற்று. ஐயனாரிதனார்க்கோ இருதரப்பினர்க்கும் இருவேறு பூ வேண்டியதாயிற்று.

பன்னிரண்டாகப் பகுத்தல் தொல்காப்பிய நெறியினின்றும் வழுவியது என்று கூறுவர் பலர். இளம்பூரணரே பன்னிரு படலத்தின் வெட்சிப் பகுதியைத் தொல்காப்பியர் செய்தது என்றல் பொருந்தாது என்று மறுத்தார். வரலாற்று முறையில் அம்மறுப்புத் தக்கதே. எனினும் பகுப்பின் பயனை நோக்கின் யாம் முற்றும் அவர்பக்கம் சாரவில்லை. தொல்காப்பியம் போரை நடுவராக இருந்து நோக்குகின்றது. வெண்பாமாலை போரை ஆடுவோன் இருக்கையில் இருந்து நோக்குகின்றது. எழுத்துப்போர் ஆட்டத்தின் நடுவர், ஏவல் அனைத்தையும் ஒருங்கு படித்து, இருவர் ஆசையும் ஒன்றே என்று காண்பார்; ஆடுவோர்க்கோ தாம் செல்வது ஒன்று, பிறர் தடுப்பது வேறொன்று. இரு நோக்கும் உண்மையே. காப்பவனுக்கெனத் தனிப்பூவும் தனிப்பெயரும் தந்தது பன்னிரண்டன் பகுப்புச் செய்த நன்மையாகும்.

ஆனால் அந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. காஞ்சி எதிரூன்றலாக மாறியவுடன் நிலையாமைக்கு அது முதலில் நின்ற இடம் போயிற்று. வெண்பாமாலை அதனைக் கைவிடவில்லை; பொதுவியற் படலத்துள் காஞ்சிப் பொதுவியற்பால் என ஒன்று வகுத்து ஆங்கு வைத்தது. பொதுவியல் என்பது எத்தரப்பினர்க்கும் உரியதன்று. அன்றி எல்லாத் தரப்பினர்க்கும் உரியது. ஆட்டத்தொடு ஒப்பிடுவார் இதனைக் கருதல் வேண்டும். எழுத்துப்போர் ஆட்டத்தில் வஞ்சி உண்டு, எதிரூன்றும் காஞ்சி உண்டு, உழிஞையும் நொச்சியும் உண்டு, வாகையும் உண்டு. பொதுவியல் இல்லை. இக்குறையின் பொருள் யாது என்பதைப் பறம்பு காட்டும்.

4. பறம்பில் எண்ணியவை

பறம்பு முற்றுகை, பலர் கூடி ஒருவனைச் சூழ்ந்த போராகும். சேர சோழ பாண்டியர் மூவரும் தம்முட் பகையுடையார். எனினும் ஒரு குறுநில மன்னனை வளைக்க ஒன்றாயினர். ஆட்டத்திற் பயின்றார்க்கு இக்கூட்டின் இயல்பு நன்கு தெரியும். மூவர்க்கும் வளமையம் ஒன்றே இலக்காயின், கொண்டபின் அஃது யாருடையது என்னும் வினா அவர்களிடையே முளைத்தே தீரும். இவ்வினாவைக் கபிலர் எழுப்பவில்லை. அவர் எழுப்பியது வேறு வினா. அது கொள்ளத்தக்கதா என்பதே.

புறநானூற்று 109ஆம் பாட்டில் கபிலர் மூவேந்தரை நோக்கிப் பேசுகின்றார். முற்றுகையின் வெற்றி உணவைப் பொறுத்தது. உள்ளிருப்போர் உணவு தீரும் நாளே மதில் வீழும் நாள். ஆகவே கபிலர் முதலில் எண்ணுவது உணவை. ஏர் தொடாமலே பறம்பில் கிடைக்கும் நான்கு விளைவுகளை அவர் வரிசையாக எண்ணுகின்றார்: மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உழவரைச் சிறைசெய்தாலும் வயலை எரித்தாலும் இந்நான்கும் குறையா. பின்னர் மலையை வானுக்கும் சுனைகளை மீன்களுக்கும் ஒப்பிடுகின்றார். அஃதாவது எண்ணத் தொடங்கி, எண்ண முடியாததில் நிறுத்துகின்றார். மரந்தோறும் யானையும் வயல்தோறும் தேரும் உடைய பகைவரின் பெருமையையும் அவர் மறுக்கவில்லை. இருதரப்பின் கணக்கையும் நேர்மையாக வைத்தபின், கணக்கால் இது முடியாது என்கின்றார்.

உணவுவழி பற்றி அகநானூறும் சான்று தரும். அதன் 78ஆம் பாட்டில் நக்கீரர், யாண்டுகள் பல கடந்தும் கபிலர் துணையால் தொலைவயலின் நெற்கதிர் பறம்பினுள் வந்ததையும், பாரி வேந்தரை ஓட்டியதையும் குறிக்கின்றார். 303ஆம் பாட்டில் ஔவையார், காலையிற் பறந்து சென்று மாலையில் நெல்லொடு மீளும் பறம்பின் குருவிக் கூட்டத்தைக் காட்டுகின்றார். முற்றுகையிட்டவர் வழிகளை எல்லாம் அடைத்தனர்; வானத்தை அடைக்க அவர்தம் விதியில் இடமில்லை.

இனி 109ஆம் பாட்டின் திருப்பம். பறம்பைப் பெறும் வழி தமக்குத் தெரியும் என்று கபிலர் மூவேந்தர்க்குக் கூறுகின்றார். யாழை மீட்டுக, விறலியர் பின்வர ஆடியும் பாடியும் செல்லுக, பாரி நாட்டையும் மலையையும் ஒருங்கே தருவான். இது போர்ப்பாட்டில் வந்த ஏவல்; ஆனால் போரின் விதிக்குள் அடங்காத ஏவல். ஆட்டத்தில் இத்தகைய ஏவலை எழுதினால் நடுவர் செல்லாது என்பார். படை நின்ற இடத்திலேயே நிற்கும். கபிலர் மொழியை இகழ்ச்சி என்றும் கொள்ளலாம். உண்மை என்றும் கொள்ளலாம். எவ்வாறாயினும் அவர் காட்டுவது ஒன்றே. பறம்பு உழிஞையால் எய்தத்தக்கதன்று, பாடாணால் எய்தத்தக்கது. வேந்தர் அதனை எய்த வேண்டின் வேந்தராக இருத்தலை விடவேண்டும். 111ஆம் பாட்டும், வேந்தர் வேலுக்கு அரிதாகிய மலை கிணை கொட்டிப் பாடிவரும் மகளுக்கு எளிது என்று இதனையே சுருங்கக் கூறுகின்றது.

இப்பாடல்களுக்குத் திணை நொச்சி என்றும் துறை மகண்மறுத்தல் என்றும் குறிப்பு உளது. பாரிமகளிரை வேந்தர் வேண்ட, அவன் மறுத்தமையால் போர் மூண்டது என்னும் கதை இக்குறிப்பின் வழிப்பட்டது. பாட்டின் சொற்களுள் மகட்கோடற் செய்தி இல்லை. மண்ணும் ஈகையுமே உள்ளன. துறைக்குறிப்பைப் பாட்டின் பொருளாகவே கொண்டு பயிலும் வழக்கம் நம்மிடையே உளது. அவ்வழக்கம் ஈண்டுப் பாட்டின் உயிரை மறைக்கின்றது என்றே யாம் கருதுகின்றோம். குறிப்பு ஆட்டத்தின் விதியைச் சொல்லும். பாட்டு அவ்விதி எங்கே உடைந்தது என்பதைச் சொல்லும்.

110ஆம் பாட்டு எண்ணையே நேரடியாக எடுத்துக்கொள்கின்றது. பறம்புநாட்டு ஊர் முந்நூறு. அம்முந்நூறும் பரிசிலர் முன்னரே பெற்றுவிட்டனர். எஞ்சியவர் பாரியும் கபிலருமே. பாடிச் சென்றால் குன்றும் கிட்டும். முந்நூற்றில் முந்நூறு போக எஞ்சியது ஊரில்லை. ஆட்ட விதிப்படி வளமையம் அற்றவன் தோற்றவன். அவனுக்கு இனி ஏவலும் இல்லை, இருக்கையும் இல்லை. ஈண்டோ வளமையம் அற்றவனே மூவேந்தர்க்கும் கொள்ளற்கரியவனாக நிற்கின்றான். அவன் ஊர்களை இழக்கவில்லை, ஈந்தான். இழந்ததும் ஈந்ததும் எண்ணில் ஒன்றே. எண்ணால் மட்டும் நோக்குவார்க்கு வேற்றுமை தோன்றாது. இவ்வேற்றுமையைக் காட்டுதற்கே கபிலர் முந்நூறு என்னும் எண்ணை இருமுறை கூறினார் போலும்.

எனினும் பறம்பு வீழ்ந்தது. கபிலர் சொல் போரை நிறுத்தவில்லை. இதனை மறைத்துப் பாடலைப் புகழ்தல் திறனாய்வாகாது. 112ஆம் பாட்டு பாரிமகளிர் பாடியது. திணை பொதுவியல், துறை கையறுநிலை. அவர்கள் எண்ணுவது நிலவை. சென்ற திங்களின் நிலவில் தந்தை இருந்தான், குன்றும் தமதாக இருந்தது. இத்திங்களின் நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. வெற்றிமுரசு உடைய வேந்தர் குன்றைக் கொண்டனர் என்பதற்குமேல் போரைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு திங்களுக்கும் மறு திங்களுக்கும் இடையே ஒரு நாடு கைமாறிற்று. ஆட்டத்தில் இஃது ஓர் எண் மாறும் இடைவெளி. பாட்டில் ஒரு வாழ்க்கை மாறிய இடைவெளி.

116ஆம் பாட்டில் எண்ணுதல் என்னும் வினையே பாட்டின் பொருளாகின்றது. வேலிசூழ்ந்த சிறு வீட்டின் முற்றத்துக் குப்பைமேட்டில் ஏறிப் பாரிமகளிர் உமணரின் உப்புவண்டிகளை எண்ணுகின்றனர். இவர்களே முன்னர், பாரியின் அருமை அறியாது பொரவந்த வேந்தரின் பொன்னணிக் குதிரைகளை எண்ணியவர் என்று கபிலர் வருந்துகின்றார். எண்ணும் மகளிர் அவரே. எண்ணும் செயல் அதுவே. ஏறிநின்ற இடமும் எண்ணப்படும் பொருளும் மாறிவிட்டன. பகைவர் குதிரையைக் கோட்டையின் உயரத்திலிருந்து விளையாட்டாக எண்ணிய காலம் ஒன்று. வறுமையின் குப்பைமேட்டில் அவ்விளையாட்டே தொடர்கின்றது. இளையோர் தம் இழப்பின் அளவை அறிந்தே எண்ணுகின்றனரா, அறியாமல் எண்ணுகின்றனரா என்பதைக் கபிலர் கூறவில்லை. கூறாமையே அப்பாட்டின் துயரம்.

இவ்விரு பாட்டும் பொதுவியல் ஆதலை மீண்டும் நினைவோம். நொச்சி மதிலொடு முடிந்தது. வாகை வேந்தரொடு சென்றது. மதிலும் வாகையும் போனபின் எஞ்சியவர்க்குப் பேசுதற்கு ஒரு திணை வேண்டும். தமிழிலக்கணம் அதனை வைத்திருந்தது.

5. கும்மியும் அம்மானையும்

பறம்பு தொன்மையது, அதன் போரை நாம் பாட்டால் மட்டுமே அறிகின்றோம். அதே சீமையில் ஆவணமும் பாட்டும் ஒருங்கே உடைய போர்கள் பிற்காலத்து நிகழ்ந்தன. 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கும்பினியின் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசி வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தங்கினார். அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதிப் படைத்துணை வேண்டினார். 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. களத்தில் இல்லாத படையை ஒரு கடிதம் வருவித்த வரலாறு இது.

1801 சூன் 16ஆம் நாள் மருதிருவர் பெயரால் வெளியான சம்புத்தீவு அறிக்கை இதனினும் சிறந்த சான்று. திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் அஃது ஒட்டப்பட்டது. சாதி சமய வேறுபாடின்றி அனைவரையும் போருக்கு அழைத்தது. படித்தவர் படியெடுத்துப் பிறர்க்குப் பரப்புமாறு வேண்டியது. அகற்றுவோர்க்குப் பெரும்பாவம் உண்டென்றது. எழுத்தால் படையை ஏவுதல் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. ஆட்டத்தின் ஏவலொடு இதனை ஒப்பிடின் வேற்றுமை நன்கு தோன்றும். ஆட்டத்தின் ஏவல் மறைவானது. எழுதியவரும் நடுவருமே உரிய பொழுதுவரை அறிவர். அறிக்கையோ வெளிப்படையானது, படிப்பவனையே எழுதுவோனாக மாற்றுவது. ஆட்டத்தின் படை எழுதியபடி நகரும். அறிக்கையின் படை, படித்தவர் நெஞ்சம் இசைந்தாலன்றி நகராது. ஆகவே ஏவல் என்னும் ஒரு சொல்லால் இரண்டனையும் குறித்தாலும் ஒன்று கட்டளை, மற்றொன்று வேண்டுகோள்.

அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு, அவர்தம் மரபினரும் துணைவரும் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஆட்டத்தின் மொழியிற் கூறின், அவர்கள் களத்தினின்றும் நீக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் பெயர் நீங்கவில்லை. சிவகங்கைச் சரித்திரக் கும்மி, சிவகங்கைச் சரித்திர அம்மானை என்னும் இரு கதைப்பாடல்கள் அவ்வரலாற்றைப் பாடின. சுவடியிலிருந்த அவற்றைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சேற்றியது.

இவ்விரண்டன் பெயர்களையும் வரலாற்றாசிரியர் பலர் பொருட்படுத்துவதில்லை. செய்திக்காகவே அவற்றைப் புரட்டுகின்றனர். நமக்கோ பெயரே முதற்சான்று. கும்மி என்பது மகளிர் வட்டமாகச் சூழ்ந்து கைகொட்டி ஆடுவது. அம்மானை என்பது மகளிர் காயை எறிந்து பிடித்துப் பாடி ஆடுவது. கலம்பகத்தில் வரும் அம்மானையில் ஒருத்தி கூற, ஒருத்தி வினவ, ஒருத்தி விடை தருவாள். இரண்டும் பலர் கூடி ஆடும் ஆட்டங்கள். இரண்டும் சொல்லின்றி நடவாதவை. நெடுங்கதை பாடும் வடிவமாக வளர்ந்தபின் காயும் எறிதலும் மறைந்தன. விளிப்பெயரும் ஓசையும் எஞ்சின. எனவே நாடிழந்த போரைப் பாட முற்பட்ட புலவர், தூதையும் பரணியையும் விடுத்து, ஆட்டத்தின் யாப்பைத் தேர்ந்தனர் என்பது உறுதி. பலரறிந்த ஓசை பரவுதற்கு எளிது என்பது ஒரு காரணமாகலாம். அதனினும் ஆழ்ந்த பொருத்தம் ஒன்று உண்டு என்பது எம் துணிபு. கும்மி வட்டத்தில் முதலும் இல்லை, இறுதியும் இல்லை. அதன்கண் எவரும் தோற்று நீங்குவதில்லை. சுற்று மீண்டும் மீண்டும் வரும். களத்தில் நீக்கப்பட்டவரை நீக்கமின்றிப் பாடுதற்கு அஃது ஏற்ற வடிவம்.

இவ்வடிவங்களின் கலைத்தரம் கபிலர் பாடல்களின் தரத்தொடு ஒக்கும் என்று யாம் கூறவில்லை. கதைப்பாடல்களில் நீட்டல் உண்டு. வாய்பாடாக வரும் வருணனைகள் உண்டு. படைப்பெருக்கத்தை மிகைப்பட எண்ணும் வழக்கமும் உண்டு. எனினும் பறம்புப் பாடலுக்கும் இவற்றுக்கும் இடையே ஒரு நெறி தொடர்கின்றது. நிலம் கைமாறிய பின்னும் இழந்தவர் பக்கத்துச் சொல் முடியாமல் தொடர்தலே அந்நெறி.

6. இரு தடைகளும் விடையும்

ஈண்டு இரு தடைகள் எழலாம். ஆட்டம் பொழுதுபோக்கு, அதனிடம் கையறுநிலையை எதிர்பார்த்தல் முறையன்று என்பது ஒன்று. இஃது ஓரளவு உண்மையே. ஆட்டத்தை யாம் இழித்துரைக்க வரவில்லை. அதன்கண் ஒரு நேர்மை உளது. எல்லார்க்கும் விதி ஒன்றே. ஒத்த வலி மோதின் எவர்க்கும் வெற்றியில்லை. வாக்குறுதி வேறு, எழுத்து வேறு என்பதை அது மறைக்கவில்லை. செல்லும் வேந்தனுக்கும் எதிரும் வேந்தனுக்கும் மண்ணாசை ஒன்றே என்று தொல்காப்பியர் கண்ட உண்மையை அவ்வாட்டம் ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்கின்றது. ஆயின் புறப்பாட்டும் குருதி சிந்தவில்லை. அதுவும் விதிக்குட்பட்ட சொல்லே. இரு சொற்கலைகளை ஒப்பிடுங்கால் ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை என்று காட்டுதல் திறனாய்வின் கடமையாகும்.

திணை துறைக் குறிப்புகள் பாடியவர் வைத்தவை அல்ல, பிற்காலத்தார் வகுத்தவை. ஆதலின் பொதுவியல் பற்றிய வாதம் நிற்காது என்பது மற்றொன்று. குறிப்புகள் பிற்பட்டவை என்பதை யாமும் உடன்படுகின்றோம். மகண்மறுத்தல் பற்றி மேலே கூறியதும் அதுபற்றியே. ஆனால் பிற்காலத்து அறிஞர் இப்பாடல்களை நொச்சியிலோ உழிஞையிலோ அடக்க முடியாமல் வேறோர் இடம் தேடினர் என்பதே நம் கருத்துக்கு வலிவு தருவது. பாரிமகளிர் பாடல் எத்தரப்பின் பூவையும் சூடவில்லை என்பதை அவர்கள் உணர்ந்தனர். விதி வகுத்தவர்க்கே விதியின் எல்லை தெரிந்திருந்தது.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. எழுத்துப்போர் ஆட்டமும் புறத்திணையும் போரை விதியாக்கிச் சொல்லில் நடத்துவதில் ஒக்கும். இருவேந்தர் ஆசையை ஒன்றாகக் காண்பதில் ஆட்டம் தொல்காப்பியத்தையும், தரப்புக்கு ஒரு பெயர் தருவதில் வெண்பாமாலையையும் ஒக்கும். நிலத்தை எண்ணாக்கி, எண் அற்றவரை நீக்குவதில் அது புறத்திணையினின்றும் வேறுபடும். பறம்புப் பாடல்கள் எண்ணையே கருவியாகக் கொண்டு எண்ணின் குறைபாட்டைக் காட்டின. சிவகங்கைக் கதைப்பாடல்கள் ஆட்டத்தின் வடிவையே மேற்கொண்டு, நீக்கப்பட்டவரை நீக்கமின்றிப் பாடின.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். புறப்பாடலுக்குத் திணையும் துறையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுதல் வேண்டா. அஃது ஏவலைப் படித்து முடிவை அறிவிக்கும் நடுவர் வேலை, தேவையான வேலையே. அதன்பின்னரே திறனாய்வு தொடங்குகின்றது. விதிக்கு அடங்காத ஏவல் எது, எண்ணில் வாராத இழப்பு எது, ஆட்டத்தினின்றும் நீங்கியபின்னும் பேசுபவர் யார் என்று வினவுதல் வேண்டும். பறம்பைக் கொண்ட மூவேந்தர் இன்னார் என்று பெயர் கூறும் பாட்டு இத்தொகுதியில் இல்லை. குப்பைமேட்டில் நின்று உப்புவண்டி எண்ணிய மகளிரையோ நாம் இன்றும் காண்கின்றோம்.